ஸ்டோயிக்குகளோட நெருப்பு எங்கேருந்து வந்துச்சு?

ஸ்டோயிக்குங்கிற பழைய கிரேக்கத் தத்துவ ஸ்கூலை ஆரம்பிச்ச ஜீனோ வாலிப வயசுல குறி கேக்கப் போனாராம். நல்லபடியா வாழணும்னா என்ன பண்ணணும்னு கேட்டதுக்கு 'செத்தவங்க நிறத்தை ஏத்திக்கோ'ன்னு பதில் வந்துச்சாம். வேற யாரா இருந்தாலும் ஆடிப்போயிருப்பாங்க. இவரு, ஓஹோ பழைய ஆளுங்க எழுதினதைப் படிக்கச் சொல்றாரு சாமின்னு எடுத்துக்கிட்டு புஸ்தகமும் கையுமா உக்காந்துட்டாரு. தத்துவவாதிகளோட வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்த டயோஜெனிஸ் லயர்டியஸ் சொல்ற கதை. கதைதான், ஆனா ஸ்டோயிக் ஸ்கூலுக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது, ஏன்னா உலகம் எதால ஆனது, எப்படி ஓடுது, எப்படி முடியும்னு அவங்க சொன்னதுல பல விஷயம் அவங்களுக்கு 200, 250 வருஷம் முன்னாடி இருந்தவங்க வாயிலேருந்து வந்த மாதிரியே இருக்கும்.

இப்பல்லாம் ஸ்டோயிக்னா கோபத்தை அடக்கு, கைல இல்லாததுக்குக் கவலைப்படாதே, பச்சத்தண்ணில குளி, இவ்ளோதான் ஓடிட்டு இருக்கு. அந்த ஸ்கூல்ல பாடம் மூணு: தர்க்கம், இயற்பியல், ஒழுக்கம். ஒழுக்கத்துக்குள்ள போகணும்னா இயற்கை வழியா போறதைவிட ஒழுங்கான வழி வேற கிடையாதுன்னு அவங்கள்ல ஒருத்தரான கிறிசிப்பஸ் சொன்னதா, பின்னாடி வந்த எழுத்தாளர் புளூட்டார்க் எடுத்துப் போட்டிருக்காரு. அதுவும் நியாயம்தானே, 'இயற்கையோட ஒத்து வாழு'ன்னு சொல்லிட்டு அந்த இயற்கை என்னன்னு சொல்லாம விட்டா எப்படி. அவங்க இயற்பியல்ல கல்லு மண்ணு மட்டுமில்ல, கடவுள், உயிர், விதி எல்லாமே அடக்கம்.

அவங்க படத்தைச் சுருக்கமா சொல்லிடறேன். உலகம் ஒரே ஒரு உடம்பு, உருண்டை, உயிருள்ளது, புத்தியும் உள்ளது. அதுக்குள்ள ஒரு இடுக்குகூட காலியா இல்ல. எல்லாத்துக்குள்ளயும் ஊடுருவி ஒரு சூடான மூச்சு ஓடுது, அதுதான் கடவுள், அதுதான் லோகோஸ்ங்கிற பேரறிவு, அதேதான் விதியும். ஒரு காலகட்டம் முடிஞ்சதும் எல்லாம் நெருப்பா மாறிடும், அந்த நெருப்புலேருந்து திரும்ப இதே உலகம் முளைக்கும்.

இதைப் படிக்கிறவங்க உடனே 'ஓ, ஹெராக்ளிட்டஸ்'னு சொல்லிடுவாங்க. பாடப்புத்தகமும் அப்படித்தான் சொல்லுது, இயற்பியலை ஹெராக்ளிட்டஸ்ங்கிற பழைய சிந்தனையாளர்கிட்டேருந்து வாங்கினாங்க, ஒழுக்கத்தை சாக்ரடீஸ், ஆடம்பரத்தை உதறி வாழ்ந்த சினிக்குகள்கிட்டேருந்து வாங்கினாங்க, கணக்கு முடிஞ்சுது. என் பார்வைல இது பாதி சரி. பழைய வீட்டை இடிக்கும்போது தேக்கு நிலையும் தூணும் வாங்கிட்டு வந்து புது வீட்ல நிறுத்துவாங்க இல்ல, அந்த மாதிரிதான் இவங்க பண்ணது. தூண் பழசுதான், ஆனா அது தாங்கற கூரை வேற. இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. பழைய வீடு இன்னைக்கு இல்லவே இல்ல, அது எப்படி இருந்துச்சுன்னு நாம இந்தத் தூணைப் பாத்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கு.

மொதல்ல காலத்தைப் பாத்துடலாம். ஜீனோ சைப்ரஸ் தீவுல கிட்டியம்ங்கிற ஊர்க்காரரு, பினீசியர்கள் வாழ்ந்த ஊரு. ஏதென்ஸுக்கு வந்தது கி.மு. 312 வாக்குல, சந்தைவெளி ஓரமா ஓவியங்கள் இருந்த ஒரு மண்டபத்துல பாடம் எடுக்க ஆரம்பிச்சது கி.மு. 300 வாக்குல. அந்த மண்டபத்துக்கு ஸ்டோவான்னு பேரு, அதுலேருந்துதான் ஸ்கூலுக்கே பேரு வந்துச்சு. அப்போ ஏதென்ஸ்ல போட்டி பயங்கரம். பிளேட்டோவோட அகாடமில போலிமோ இருந்தாரு, ஜீனோ அவர்கிட்ட படிச்சவரும்கூட. அரிஸ்டாட்டிலோட லைசியத்துல தியோஃப்ராஸ்டஸ், இவரு கையிலதான் பழைய சிந்தனையாளர்கள் யாரு என்ன சொன்னாங்கங்கிற பெரிய தொகுப்பு இருந்துச்சு. இன்னொரு பக்கம் தன்னோட தோட்டத்துல எபிகியூரஸ், எல்லாம் அணுவும் வெற்றிடமும்தான், தேவர்கள் இதுல தலையிடறதே இல்லன்னு சொல்லிட்டு இருந்தாரு.

இந்த மூணு பேருக்கும் ஒரே நேரத்துல பதில் சொல்லியாகணும்னா ஜீனோ எங்க போவாரு? பிளேட்டோ சொன்ன, உடம்பே இல்லாத உருவங்கள் அவருக்கு வேணாம், உடம்பு இல்லாத ஒண்ணு எதையும் எப்படித் தள்ளும், எப்படி இழுக்கும்ங்கிறது அவரோட கேள்வி. வானத்துக்குன்னு தனியா அஞ்சாவது பொருள் ஒண்ணு இருக்குன்னு அரிஸ்டாட்டில் சொன்னதும் வேணாம், அதை ஜீனோ தூக்கிப் போட்டுட்டு எல்லாத்தையும் பிறப்பிக்கிறது, மனசையும் புலன்களையும்கூட, நெருப்புதான்னு வச்சாருன்னு ரோமானிய எழுத்தாளர் சிசரோ எழுதறாரு. அணுவும் வேணாம். அப்போ மிச்சம் இருக்கிறது அவங்களுக்கெல்லாம் முன்னாடி இருந்த ஆளுங்கதான், உடம்பு வேற அறிவு வேறன்னு இன்னும் பிரிச்சுப் பாக்காத ஆளுங்க. அதுல முதல் ஆளு எபிசஸ் ஊரு ஹெராக்ளிட்டஸ், கி.மு. 500 வாக்குல இருந்தவரு.

இந்த உலகத்தை தேவரும் செய்யல, மனுஷனும் செய்யல, எப்பவும் இருந்துச்சு, இருக்கு, இருக்கும், அது என்னைக்கும் உயிரோட இருக்கிற நெருப்பு, அளவோட பத்திக்கும் அளவோட அணையும்னு ஹெராக்ளிட்டஸ் சொன்னது புகழ்பெற்ற வரி. எல்லாத்தையும் நடத்திட்டுப் போறது இடிமின்னல்னும் சொல்றாரு. பொருளைக் குடுத்து தங்கம், தங்கத்தைக் குடுத்து பொருள்ங்கிற மாதிரி எல்லாம் நெருப்புக்கு மாத்து, நெருப்பு எல்லாத்துக்கும் மாத்துன்னு, அவர் எழுதினதுல மிச்சமிருக்கிற இன்னொரு துண்டு. சூரியன்கூட தன்னோட அளவைத் தாண்டாது, தாண்டினா நீதியோட ஏவலாட்கள் கண்டுபிடிச்சிடுவாங்கன்னு ஒண்ணு. இதை எல்லாம் கோத்துப் பாருங்க, நெருப்பு, அதுக்குள்ளயே அறிவு, அதுக்குள்ளயே சட்டம். ஜீனோவுக்கு வேணுங்கிறது அத்தனையும் ஒரே இடத்துல கிடைச்சிருச்சு.

ஆனா ஹெராக்ளிட்டஸை ஸ்டோயிக்குகளுக்குள்ள முழுசா கொண்டு வந்தது ஜீனோவைவிட அவரோட மாணவர் கிளியாந்தஸ்தான்னு நான் சொல்வேன். கிளியாந்தஸ் ஆரம்பத்துல குத்துச்சண்டைக்காரரு, ஏதென்ஸ் வரும்போது கைல வெறும் 4 டிராக்மா. ராத்திரி பூரா தோட்டங்களுக்குத் தண்ணி இறைச்சுக் கூலி வாங்கிட்டு, பகல்ல வந்து பாடம் கேப்பாரு. எழுதத் தாள் வாங்கக் காசில்லாம ஜீனோ சொல்றதை சிப்பி ஓட்டுலயும் மாட்டோட தோள்பட்டை எலும்புலயும் எழுதி வச்சாருன்னு ஒரு செய்தி இருக்கு. ஜீனோ செத்தப்புறம் கி.மு. 262லேருந்து கி.மு. 230 வரைக்கும் தலைமை இவரோடது. ஹெராக்ளிட்டஸுக்கு விளக்கம்னு 4 புத்தகம் எழுதினாரு, கூடப் படிச்ச ஸ்ஃபேரஸும் தன் பங்குக்கு ஹெராக்ளிட்டஸ் பத்தி 5 உரை எழுதினாரு. ஒண்ணுகூட இன்னைக்கு இல்ல.

அந்த விளக்கத்தோட ஒரு வாசனை மட்டும் ஒரு இடத்துல மிச்சமிருக்கு, அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாக்கலாம், ஏன்னா மொத்த விஷயமும் அதுக்குள்ள இருக்கு. 'ஒரே ஆத்துல ரெண்டு தடவை கால் வைக்க முடியாது'ன்னு ஹெராக்ளிட்டஸ் சொன்னாருன்னு எல்லாருக்கும் தெரியும். அந்த ஆத்து வரி பழைய நூல்கள்ல மூணு விதமா வருது. அதுல அவரோட சொந்த நடைக்கு ரொம்பக் கிட்ட இருக்குன்னு பல அறிஞர்கள் நம்பற வடிவம், 'அதே ஆத்துல இறங்குறவங்க மேல வேற வேற தண்ணி வந்து பாயுது'ங்கிறது. இது நமக்கு எப்படிக் கிடைச்சுது தெரியுமா? கி.பி. 4ம் நூற்றாண்டு கிறிஸ்தவ எழுத்தாளர் யூசீபியஸ், தத்துவக் கருத்துகளைத் தொகுத்த ஏரியஸ் டிடிமஸ்ங்கிறவரை எடுத்து எழுதறாரு, அந்த ஏரியஸ் கிளியாந்தஸை எடுத்து எழுதறாரு, கிளியாந்தஸ் ஜீனோவைப் பத்திப் பேசும்போது நடுவுல ஹெராக்ளிட்டஸ் வர்றாரு.

கிளியாந்தஸ் அங்க பேசிட்டு இருக்கிறது ஆத்தைப் பத்தியே இல்ல. உயிருங்கிறது உணர்ச்சியுள்ள ஒரு ஆவின்னு ஜீனோ சொல்றாரு, ஹெராக்ளிட்டஸும் அப்படித்தான் சொன்னாருன்னு காட்டத்தான் அந்த மேற்கோள். உயிரு ஈரத்துலேருந்து ஆவியா மேல எழும்பிட்டே இருக்கு, ஆத்துத் தண்ணி மாதிரி புதுசு புதுசா, அதனாலதான் அது அறிவா இருக்கு. மாற்றம் ஒன்றே மாறாததுன்னு நாம ஸ்டேட்டஸ் போடற வரி, உயிர் எதால ஆனதுங்கிற ஸ்டோயிக் வாதத்துக்கு சாட்சியா ஆஜராகி, அந்த வாதத்தோட ஒட்டிக்கிட்டு நம்ம கைக்கு வந்து சேர்ந்திருக்கு. அப்போ ஹெராக்ளிட்டஸ் தானே உயிரைப் பத்தித்தான் அதைச் சொன்னாரா? காஞ்ச உயிர்தான் அறிவாளி, குடிச்சவன் உயிர் நனைஞ்சு போயிருக்கும், அதான் ஒரு சின்னப் பையன் கையைப் பிடிச்சு அவனைக் கூட்டிட்டுப் போக வேண்டியிருக்குன்னு அவரு சொன்ன துண்டுகளும் இருக்கு, அதனால கிளியாந்தஸ் இல்லாததை இட்டுக்கட்டினாருன்னு சொல்லிட முடியாது. ஆனா ஆத்து வரிக்கு அந்த அர்த்தம்தான்னு முடிவு பண்ணி மேடை ஏத்தினவரு கிளியாந்தஸ்.

கிளியாந்தஸ் ஜீயஸ் மேல பாடின துதிப் பாட்டு ஒண்ணு முழுசா கிட்டத்தட்ட தப்பிச்சிருக்கு, ஆரம்பகால ஸ்டோயிக் எழுத்துல இவ்ளோ பெருசா நேரடியா கிடைச்சது அது ஒண்ணுதான். அதுல ஜீயஸ் கையில இருக்கிறது ரெண்டு பக்கமும் கூர் உள்ள, என்னைக்கும் உயிரோட இருக்கிற நெருப்பு இடி. அந்த இடியோட அடியில இயற்கையில எல்லாம் நடக்குது. என்னைக்கும் உயிரோட இருக்கிற நெருப்பு, எல்லாத்தையும் நடத்தற இடிமின்னல், ரெண்டும் ஹெராக்ளிட்டஸ் சரக்கு, ஆனா இங்க அது கும்பிட்டுக் கேக்கக்கூடிய ஒரு தகப்பன் கையில இருக்கு. ஹெராக்ளிட்டஸ் படிச்சிருந்தா மூஞ்சியைச் சுளிச்சிருப்பாருன்னு எனக்கு ஒரு எண்ணம்.

சரி, உலகம் எரிஞ்சு முடியறது? இங்கதான் ரொம்ப நாள் சண்டை. ஸ்டோயிக்குகள் அதை ஹெராக்ளிட்டஸ் பேர்ல சொன்னாங்க. ஆனா எப்பவும் இருந்துச்சு, இருக்கு, இருக்கும்னு சொன்ன ஆளு, உலகம் ஒருநாள் மொத்தமா எரிஞ்சிடும்னு எப்படிச் சொல்லுவாரு? பிளேட்டோ ஒரு உரையாடல்ல இந்த விஷயத்தை ரொம்ப நுணுக்கமா பிரிக்கிறாரு. சிசிலிப் பக்கத்து ஆளு, அதாவது எம்படாக்ளிஸ், உலகம் ஒரு தடவை ஒண்ணா சேரும் ஒரு தடவை பிரியும், மாறி மாறி நடக்கும்னு சொல்றாரு, அயோனியாப் பக்கத்து ஆளு, அதாவது ஹெராக்ளிட்டஸ், இன்னும் கறார், சேர்றதும் பிரியறதும் எப்பவும் ஒரே நேரத்துல நடக்குதுன்னு சொல்றாருங்கிறாரு. பிளேட்டோ சொல்றது சரின்னா ஹெராக்ளிட்டஸ்கிட்ட பேரெரிப்பு கிடையாது. அரிஸ்டாட்டில் வந்து ரெண்டு பேரையும் ஒரே தட்டுல வச்சிட்டாரு, உலகம் மாறி மாறி அழியுது உண்டாகுதுன்னு சொன்னவங்க எம்படாக்ளிஸும் ஹெராக்ளிட்டஸும்னு எழுதிட்டாரு, எல்லாம் ஒரு சமயம் நெருப்பாகும்னு ஹெராக்ளிட்டஸ் சொன்னதாவும் எழுதறாரு. தியோஃப்ராஸ்டஸும் அதே வழிதான். ஜீனோ காலத்துல ஏதென்ஸ்ல பழைய ஆளுங்களைப் பத்தித் தெரிஞ்சிக்கணும்னா லைசியம் தொகுப்புதான் பெரிய வழி, அதனால ஸ்டோயிக்குகளுக்குக் கிடைச்ச ஹெராக்ளிட்டஸே ஏற்கனவே அரிஸ்டாட்டில் கண்ணாடி போட்ட ஹெராக்ளிட்டஸ்தான். எனக்கு பிளேட்டோ பக்கம்தான் நியாயம் தெரியுது.

திரும்பத் திரும்ப வர்ற அந்த சுழற்சிக்கு இன்னொரு ஊத்தும் இருக்கு, பைதாகரஸ் கூட்டம். அரிஸ்டாட்டிலோட மாணவர் யூடீமஸ் கிளாஸ்ல சொன்ன ஒரு விஷயம் பதிவாகியிருக்கு: பைதாகரஸ் ஆளுங்களை நம்பினா, இதே விஷயங்கள் எண்ணிக்கைகூட மாறாம திரும்ப வரும், நான் இதே குச்சியைக் கைல வச்சிக்கிட்டு உங்ககிட்ட பேசிட்டு இருப்பேன், நீங்க இதே மாதிரி உக்காந்திருப்பீங்க. ஜீனோ எழுதின நூல் பட்டியல்ல பைதாகரஸ் விஷயங்கள்னு ஒரு தலைப்பு இருக்கு, அதனால அவருக்கு இது தெரியாம இருக்க வாய்ப்பு கம்மி. ஸ்டோயிக்குகள் அந்தக் குச்சியை உலகம் பூராவுக்கும் நீட்டிட்டாங்க. பேரெரிப்புக்கு அப்புறம் சாக்ரடீஸ் திரும்ப வருவாரு, பிளேட்டோ திரும்ப வருவாரு, அதே நண்பர்கள், அதே ஊரு, அதே கிராமம், அதே வயக்காடுன்னு பின்னாடி வந்த கிறிஸ்தவ எழுத்தாளர் நெமீசியஸ் அவங்க கருத்தைச் சொல்றாரு. பைதாகரஸ் ஆளுங்க ஏன்னு காரணம் சொன்ன மாதிரி தெரியல, ஸ்டோயிக்குகள்கிட்ட காரணம் இருந்துச்சு. உலகத்தை நடத்தற அறிவு ஒண்ணுதான், அது செய்யறது எப்பவும் ஆகச் சிறந்ததுதான், அப்போ அடுத்த தடவை வேற மாதிரி செய்ய அதுக்கு என்ன அவசியம்? வெளிலேருந்து வாங்கின பொருள் அவங்க தர்க்கத்துல இப்படித்தான் இறுகிப் போகும்.

நெருப்புக்கு அடுத்தது மூச்சு. ஜீனோகிட்ட அதிகம் பேசப்படறது நெருப்பு, அதுவும் சமையல் நெருப்பு இல்ல, கலைஞன் மாதிரி படிப்படியா உருவாக்கற நெருப்பு. மூணாவது தலைவர் கிறிசிப்பஸ் கிட்ட வரும்போது அது நியூமாங்கிற மூச்சா ஆயிடுது, நெருப்பும் காத்தும் கலந்தது. (கிறிசிப்பஸ் எழுதினது 705 சுருள்னு கணக்கு சொல்றாங்க. அவர் இல்லன்னா ஸ்டோவாவே இல்லன்னு அப்பவே ஒரு சொலவடை.) இதுக்கும் பழைய தூண் இருக்கு. கி.மு. 6ம் நூற்றாண்டுல மிலீட்டஸ் ஊரு அனாக்ஸிமினிஸ் எல்லாம் காத்துதான்னு சொன்னவரு, நம்ம உயிரு காத்தா இருந்து நம்மைப் பிடிச்சு வச்சிருக்கிற மாதிரி உலகம் முழுசையும் மூச்சும் காத்தும் சூழ்ந்திருக்குன்னு அவர் பேர்ல ஒரு வரி இருக்கு. அந்த வரி அப்படியே ஸ்டோயிக் வாசனை அடிக்குது, அதனாலயே அது அவரோட சொந்த வார்த்தைதானா இல்ல பின்னாடி வந்தவங்க மாத்தி எழுதினதான்னு அறிஞர்களுக்குள்ள சந்தேகம். அடுத்து கி.மு. 5ம் நூற்றாண்டுல அப்போலோனியா ஊரு டயோஜெனிஸ் (மொதல்ல கதை சொன்ன லயர்டியஸ் வேற ஆளு). என் கணக்குல இவருக்கு உரிய பேரு கிடைக்கவே இல்ல. காத்துதான் அறிவு, எல்லா உயிரும் அதை மூச்சா இழுத்துத்தான் வாழுது, அதுதான் எல்லாத்தையும் நடத்துது, அதுதான் கடவுள்னு சொன்னவரு. குளிரும் வெயிலும், ராத்திரியும் பகலும், மழையும் காத்தும் இவ்ளோ அளவா பங்கு பிரிஞ்சு கிடக்கிறது அறிவு இல்லாம நடக்காதுங்கிறது அவரோட வாதம். ஸ்டோயிக்குகள் பின்னாடி பக்கம் பக்கமா எழுதின 'உலகம் அறிவோட நடக்குது' வாதத்துக்கு இது முன்னோடி. கி.மு. 423ல அரிஸ்டோஃபனிஸ் ஒரு நாடகத்துல சாக்ரடீஸைக் கூடைல தொங்கவிட்டு, மண்ணுல இருந்தா ஈரம் என் யோசனையை இழுத்துக்கும், மேல காத்தோட கலந்தாத்தான் யோசிக்க முடியும்னு பேச வச்சு கலாய்ச்சிருக்காரு, அது டயோஜெனிஸ் கருத்துதான், பேரு மட்டும் சாக்ரடீஸ்.

ஆனா மூச்சுன்னு சொன்னா கிறிசிப்பஸ் காலத்துல அது தத்துவ வார்த்தை மட்டும் இல்ல, டாக்டர்கள் வார்த்தையும்கூட. கோஸ் தீவு பிராக்ஸகோரஸ், தமனிகள்ல ரத்தம் ஓடல மூச்சுதான் ஓடுது, இதயம்தான் தலைமைன்னு சொன்னவரு. கிறிசிப்பஸ் அவரைத்தான் பிடிச்சுக்கிட்டாரு. அதே காலத்துல அலெக்ஸாண்ட்ரியாவுல ஹீரோஃபிலஸ் மாதிரி ஆளுங்க உடம்பை அறுத்துப் பாத்து நரம்பெல்லாம் மூளைக்குத்தான் போகுதுன்னு காட்டிட்டாங்க, கிறிசிப்பஸ் என்னடான்னா 'நான்'னு சொல்லும்போது எல்லாரும் நெஞ்சைத்தானே தொடறோம்னு வாதாடிட்டு இருந்தாரு. 400 வருஷம் கழிச்சு காலன்ங்கிற டாக்டர் இதுக்காகவே பக்கம் பக்கமா திட்டித் தீத்திருக்காரு. பூதங்கள் விஷயத்துலயும் டாக்டர் வாடை உண்டு. நாலு பூதம் எம்படாக்ளிஸ் குடுத்தது, ஆனா ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ரெண்டு குணம்னு அரிஸ்டாட்டில் வச்சதை விட்டுட்டு, நெருப்பு சூடு, காத்து குளிர், தண்ணி ஈரம், மண்ணு வறட்சின்னு ஒண்ணுக்கு ஒண்ணா ஸ்டோயிக்குகள் வச்சாங்க. இதே பட்டியல் லோக்ரி ஊரு டாக்டர் பிலிஸ்டியன் பேர்ல ஒரு பாப்பிரஸ்ல இருக்கு.

இவ்ளோ பழசை எடுத்தும் ஒரு அடிப்படை விஷயம் மட்டும் பழைய ஆளுங்ககிட்ட இல்ல. ஹெராக்ளிட்டஸோட நெருப்புலயும் டயோஜெனிஸோட காத்துலயும், பொருளும் ஆட்டி வைக்கிறதும் ஒண்ணேதான். ஸ்டோயிக்குகள் அதை ரெண்டாப் பிரிச்சாங்க: செயல்படறது ஒண்ணு, அதுதான் கடவுள். செயலுக்கு ஆளாகறது ஒண்ணு, அது குணமே இல்லாத வெறும் பொருள். ரெண்டுமே உடம்புதான், எப்பவும் பிரியாம கலந்தே இருக்கும். இந்தப் பிரிவு பிளேட்டோ வீட்டு சாமான். பிளேட்டோவைச் சுருக்கும்போது தியோஃப்ராஸ்டஸே, எல்லாத்தையும் வாங்கிக்கிற பொருள் ஒண்ணு, அசைக்கிற கடவுள் ஒண்ணுன்னு ரெண்டு மூலத்தைத்தான் சொல்றாரு. எது செயல்படுதோ இல்ல செயலுக்கு ஆளாகுதோ அதுதான் நிஜமா இருக்கிறதுங்கிற அளவுகோலும், எம்படாக்ளிஸையும் ஹெராக்ளிட்டஸையும் பிரிச்சுக் காட்டின பிளேட்டோவோட அதே உரையாடல்ல, கையில பிடிபடறதுதான் உண்மைன்னு அடம்பிடிக்கிற ஆளுங்களை மடக்கறதுக்காக வர்றது. ஸ்டோயிக்குகள் அந்த அளவுகோலை வாங்கிட்டு, அப்போ உடம்பு மட்டும்தான் இருக்கு, கடவுளும் உடம்பு, உயிரும் உடம்பு, நல்ல குணம்கூட உடம்புன்னு திருப்பிப் போட்டாங்க. உலகத்துக்கு உயிர் உண்டுங்கிறதும் பிளேட்டோகிட்ட இருக்கிறதுதான். ஹெராக்ளிட்டஸ் பேரைச் சத்தமா சொன்ன அளவுக்கு பிளேட்டோ பேரைச் சொல்லல, அவ்வளவுதான். பக்கத்துத் தெரு போட்டி ஸ்கூலோட பேரை யாரு போர்டுல எழுதுவாங்க.

கடவுளும் உடம்பு, கல்லும் உடம்பு, கடவுள் கல்லுக்குள்ள முழுசா பரவியிருக்காருன்னா ரெண்டு உடம்பு ஒரே இடத்துல இருந்தாகணுமே? இதுக்குத்தான் கிறிசிப்பஸோட முழுக்கலப்பு. பத்தாயிரம் மரக்கால் தண்ணில ஒரு சொட்டு ஒயின் விட்டா அது கலக்காது, தண்ணியாவே மாறிடும்னு அரிஸ்டாட்டில் சொல்லியிருந்தாரு. கிறிசிப்பஸ் வேணும்னே எதிர்ல போய் நின்னு, ஒரு சொட்டு ஒயினைக் கடல்ல விட்டாலும் கடல் முழுக்கப் பரவும்னாரு. எல்லாத்துலயும் எல்லாம் இருக்கு, பொருளை எவ்ளோ சின்னதா வெட்டினாலும் அதுக்கும் கீழ போகலாம்னு இன்னொரு பழைய ஆளு அனாக்ஸகோரஸ் சொன்னது இங்க பின்னணில கேக்குது, ஆனா அவரு அறிவை மட்டும் எதோடயும் கலக்காம தனியா வச்சாரு, இவங்க அதைத்தான் எல்லாத்தோடயும் கலந்தாங்க. அகாடமித் தலைவர் ஆர்கெசிலாஸ் சும்மா விடுவாரா. ஒருத்தன் காலை வெட்டிக் கடல்ல போட்டா அது அழுகிக் கரைஞ்சு கடல் பூராவும் பரவிடும், அப்புறம் ஆன்டிகோனஸ் ராஜாவோட கப்பற்படை அந்தக் காலுக்குள்ள புகுந்துதான் போகணும்னு வகுப்புல நக்கல் அடிச்சாராம். புளூட்டார்க் அதையும் தாண்டி, ஆன்டிகோனஸ் என்ன, பாரசீக ராஜா ஜெர்க்ஸஸோட 1200 கப்பலும் கிரேக்கர்களோட 300 கப்பலும் அந்தக் காலுக்குள்ள சண்டையே போடலாமேன்னாரு.

பழசு மேல இருந்த பிடிப்பு சில இடத்துல அவங்களைக் கீழயும் இழுத்துச்சு. சூரியன் கடல்லேருந்து எழும்பற ஆவியைத் தின்னு எரியுது, நிலா ஆத்துத் தண்ணி ஊத்துத் தண்ணி ஆவியைத் தின்னுதுன்னு அவங்க சொன்னாங்க. ஆவியைத் தின்னும் சூரியன் ஹெராக்ளிட்டஸ் காலத்துக் கதை. சூரியன் ஈரத்தைத் தின்னுதுன்னு சொன்ன முன்னோர்கள் எல்லாரும் கேலிக்குரியவங்கன்னு அரிஸ்டாட்டில் எழுதியே வச்சிட்டாரு, ஒரே இடத்துல தீனி பத்தாமத்தான் சூரியன் வடக்கும் தெற்குமா திரும்புதுன்னு சொன்னவங்களையும் சேத்துத்தான். அதுக்கு அப்புறம் வந்த கிளியாந்தஸ், சூரியன் தன்னோட தீனியை விட்டு, அதாவது கடலை விட்டு, ரொம்ப தூரம் போகக் கூடாதுன்னுதான் திரும்புதுன்னு கூலா சொல்றாரு. அவருக்கு சூரியன்தான் உலகத்தோட தலைமைப் பகுதி. பூமிதான் சூரியனைச் சுத்துதுன்னு சாமோஸ் ஊரு அரிஸ்டார்க்கஸ் சொன்னப்போ, உலகத்தோட அடுப்பையே நகத்துறாரு, இவர் மேல தெய்வ நிந்தனை வழக்குப் போடணும்னு கிளியாந்தஸ் சொன்னதா புளூட்டார்க் எழுதறாரு. அரிஸ்டார்க்கஸுக்கு மறுப்புன்னு ஒரு நூலும் அவர் பட்டியல்ல இருக்கு. ராத்திரி தண்ணி இறைச்சுப் படிச்ச மனுஷன் மேல எனக்கு மரியாதை உண்டு, இந்த இடத்துல மட்டும் கொஞ்சம் குறையுது.

வெற்றிடம் விஷயத்துல நேர்மாறா, பழைய வாதத்தை அழகா பயன்படுத்தினாங்க. உலகத்தோட விளிம்புல நின்னு கையையோ குச்சியையோ நீட்டினா நீள முடியுமா முடியாதான்னு கேட்டவரு பைதாகரஸ் வழி வந்த டாரன்டம் ஊரு ஆர்கிடஸ். அதே கையை ஸ்டோயிக்குகளும் நீட்டினாங்க. உலகத்துக்கு வெளில முடிவில்லாத வெற்றிடம் இருக்குன்னு அவங்களுக்குத் தேவைப்பட்டுச்சு, ஏன்னா எல்லாம் நெருப்பாகும்போது உலகம் விரியும், விரிய இடம் வேணும். உள்ள மட்டும் வெற்றிடமே கூடாது, எல்லாத்தையும் ஒண்ணா இழுத்துப் பிடிச்சிருக்கிற மூச்சோட இழுவிசை அறுந்திடும்.

இப்படி எல்லாரையும் தன் பக்கம் இழுத்ததை அந்தக் காலத்துலயே கவனிச்சிருக்காங்க. சிசரோவோட ஒரு உரையாடல்ல வர்ற எபிகியூரஸ் கட்சி ஆளு, கிறிசிப்பஸ் ஹோமர், ஹெசியடோட கதைகளை எல்லாம் தன் கொள்கைக்கு ஒட்ட வச்சிட்டாரு, இதையெல்லாம் கனவுலகூட நினைச்சிருக்காத பழைய கவிஞர்கள்கூட ஸ்டோயிக்குகளா ஆயிட்டாங்கன்னு கிண்டல் பண்றாரு. எதிர்க்கட்சிப் பேச்சுதான், ஆனா பொய் இல்ல. ஹெசியட் சொன்ன ஆதி கேயாஸ், அதாவது எல்லாத்துக்கும் முதல்ல இருந்தது, தண்ணிதான்னு ஜீனோவே விளக்கம் குடுத்தவரு.

பின்னாடி வந்தவங்க எல்லாத்தையும் அப்படியே வச்சிக்கல. கி.மு. 2ம் நூற்றாண்டுல சிடோன் ஊரு போயத்தஸ் பேரெரிப்பே வேணாம்னுட்டாரு, பனேஷியஸ் சந்தேகப்பட்டு உலகம் அழியாதுங்கிற பக்கம் சாஞ்சாரு. ஹெராக்ளிட்டஸ்கிட்ட இருந்துச்சான்னு சந்தேகத்துல இருந்த அதே பகுதிதான் முதல்ல கழண்டு விழுந்துச்சு. ரோம்ல செனெக்கா காலத்துல அது திரும்ப வந்து உக்காந்துக்கிச்சு, எல்லாம் எரிஞ்சப்புறம் ஜீயஸ் தனக்குள்ளயே ஒதுங்கி யோசனையில இருப்பாருன்னு ஒரு கடிதத்துல எழுதறாரு.

கி.பி. 2ம் நூற்றாண்டுல, ஸ்டோயிக்கா இருந்த ரோமானியப் பேரரசர் மார்கஸ் அரேலியஸ் தன்னோட குறிப்புல 'ஹெராக்ளிட்டஸ் சொன்னதை எப்பவும் நினைவுல வை'ன்னு எழுதிட்டு ஒரு வரியைப் போடறாரு: மண்ணோட சாவு தண்ணியாகறது, தண்ணியோட சாவு காத்தாகறது, காத்தோட சாவு நெருப்பாகறது, அப்படியே திரும்பவும். நல்ல வரிதான். ஆனா ஹெராக்ளிட்டஸோட மத்த துண்டுகள்ல இந்த வரிசை வர்ற இடத்துல நெருப்பு, கடல், மண்ணு, இல்லன்னா உயிரு, தண்ணி, மண்ணுன்னுதான் இருக்கு, காத்து ஒரு பூதமா அதுல இல்ல. நாலு பூதக் கணக்கு எம்படாக்ளிஸுக்கு அப்புறம்தான் வருது. அதனால மார்கஸ் எடுத்து வச்சிருக்கிற வரில அந்தக் காத்தைச் சொருகினது நடுவுல யாரோ ஒரு ஸ்டோயிக்தான்னு பல அறிஞர்கள் சந்தேகப்படறாங்க, எனக்கும் அப்படித்தான் படுது.